வீட்டுக்கும் மலைக்கும் கத்தி தீட்ட எதை வாங்கலாம்?

பண்டாரவளையில் இருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: "வீட்டில் இரண்டு சமையல் கத்தி, ஒரு மன்னாக் கத்தி, தேயிலைத் துண்டுக்கு ஒரு கவ்வாத்துக் கத்தி இருக்கிறது. மலையேறப் போகும்போது பையில் ஒரு மடக்குக் கத்தியும் கொண்டு போவேன். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே தீட்டும் செட் வாங்க நினைக்கிறேன். கோணம் பிடித்துத் தரும் கிளாம்ப் செட் நல்லதா, மெஷின் நல்லதா, கல்லே போதுமா?"

இந்த ஐந்துக்கும் பொருந்துகிற ஒரே செட் கிடையாது. அதற்காக ஐந்து செட் வாங்கவும் வேண்டாம். வீட்டுக்கு ஒரு பக்கம் 1000 கிரிட், மறுபக்கம் சொரசொரப்பாக 250 முதல் 400 வரை உள்ள கல் ஒன்று (கிரிட் எண் கூடக் கூடக் கல் மென்மையாகும்). பைக்கு உள்ளங்கை அளவில் ஒரு வைரத் தகடு. வளைந்த கவ்வாத்துக் கத்திக்கு ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் ஒடுங்கிய கல் ஒன்று. உங்கள் வேலைக்கு இவ்வளவு போதும். கிளாம்ப் செட் யாருக்குச் சரிவரும், மெஷினை நான் ஏன் தள்ளி வைக்கிறேன் என்பதற்கும் வருகிறேன். ஆனால் முதலில் பிசிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பிடிபடாவிட்டால் எதை வாங்கினாலும் காசு வீண்.

கத்தி இரண்டு விதமாக மழுங்கும். மென்மையான ஸ்டெயின்லெஸ் கத்தியால் பலகையில் கோவா அரிந்துகொண்டே இருந்தால் வாய், அதாவது வெட்டும் ஓரம், ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். உலோகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, நிமிர்த்தினால் போதும். கத்தி செட்டோடு வரும் நீளமான உருக்குக் கம்பி இதற்குத்தான். இரண்டாவது, வாயே தேய்ந்து உருண்டு போவது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கத்தியை வாய் மேலே வருமாறு பிடித்து பல்ப் வெளிச்சத்துக்கு நேரே கொண்டு போங்கள். கூராக இருக்கும் இடம் வெளிச்சத்தைத் திருப்பாது, அங்கே கோடே தெரியாது. மழுங்கிய இடம் மட்டும் மெல்லிய வெள்ளிக் கோடாக மின்னும். அந்தக் கோடு தெரிகிறது என்றால் கம்பியில் எத்தனை தரம் இழுத்தாலும் பயனில்லை, கல்லுக்குத்தான் போக வேண்டும்.

கல்லில் ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வரும்போது, இரண்டு பக்கத்துச் சரிவும் ஒன்றையொன்று தொடும் நேரத்தில், மிஞ்சிய உலோகம் மெல்லிய இழையாக மறுபக்கம் எழும்பும். அதுதான் பிசிர். கட்டைவிரலை முதுகுப் பக்கத்தில் இருந்து வாயைத் தாண்டி வெளியே போகும்படி மெதுவாக இழுத்துப் பாருங்கள், தோலில் கொளுவும். வாயின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டக் கூடாது, அப்படி ஓட்டினால் கத்தி தன் வேலையை உங்கள் விரலில் காட்டும். பிசிர் பிடியடியில் இருந்து நுனி வரை விட்டுப்போகாமல் எழும்ப வேண்டும். நுனியில் ஓர் அங்குலம் எழும்பாமல் நிற்பது சகஜம். அலகு வளையும் இடத்தில் பிடியைச் சற்றே உயர்த்தாவிட்டால் வாய் கல்லைத் தொடுவதில்லை, சரிவின் தோள், அதாவது மேல் விளிம்புதான் தேய்கிறது. சந்தேகமாக இருந்தால் வாயோரம் மார்க்கர் பேனாவால் பூசிவிட்டு நாலு தரம் தேயுங்கள். மை எங்கே போகவில்லையோ அங்கே கல் படவில்லை.

ஒரு பக்கம் முழுக்கப் பிசிர் வந்த பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும். மறுபக்கமும் அப்படியே. அதன் பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, பக்கத்துக்கு ஒரு தரமாக மாற்றி மாற்றி, கடைசியில் கத்தியின் சொந்தப் பாரம் மட்டும் கல்லில் படும் அளவுக்கு வர வேண்டும். பிசிர் போகிற இடம் இதுதான். பலர் இதைச் சரியாகச் செய்வதில்லை. பிசிரோடு விட்ட கத்தி அன்றைக்குத் தாளைச் சீவும், நாளைக்குத் தக்காளித் தோலில் வழுக்கும். நின்றுகொண்டிருந்த அந்த இழை மடிந்துவிட்டது, அவ்வளவுதான். அதற்குக் கல்லையும் கடைக்காரரையும் திட்டிப் பிரயோசனமில்லை.

அடுத்தது கோணம். கிளாம்ப் செட் விற்பவர்கள் பயமுறுத்துவது இதை வைத்துத்தான். சாதாரண ஸ்டெயின்லெஸ் சமையல் கத்திக்குப் பக்கத்துக்கு 20 பாகை அளவு, மெல்லிய ஜப்பானியக் கத்திக்கு 15 அளவு, விறகையும் பலாக்காயையும் கொத்தும் மன்னாவுக்கு 25 முதல் 30. கையால் பிடிக்க ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் 20 பாகை கிட்ட வரும். நாலில் ஒரு பங்கு என்றால் 15. நாலு சென்டிமீட்டர் அகலமுள்ள சமையல் கத்திக்கு முதுகு கல்லில் இருந்து ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உயரத்துக்கு நாணயங்களை அடுக்கி, முதுகை அதில் சாய்த்து ஒருமுறை கைக்குப் பழக்கிவிட்டால் பிறகு அடுக்கு வேண்டாம். ஒன்றிரண்டு பாகை கூடிக் குறைந்தால் குடிமுழுகிப் போகாது. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவே கை ஆடாமல் இருப்பதுதான் பெரிய விஷயம்.

இப்போது கிளாம்ப் செட். லான்ஸ்கி மாதிரியான செட்டில் கத்தியின் முதுகைக் கவ்வியில் இறுக்கி, கல் பொருத்திய கம்பியை 17, 20, 25, 30 என்று பெயரிட்ட துளைகளில் ஒன்றில் விட்டு இழுப்பீர்கள். வேர்க் ஷார்ப்பின் பிரிசிஷன் அட்ஜஸ்டில் 15 முதல் 30 வரை விரும்பிய கோணத்தைத் திருகி வைக்கலாம். முதல் நாளே ஒழுங்கான வாய் வரும், அதை மறுக்க முடியாது. கை நடுங்குகிறவர்களுக்கும், நாலைந்து மடக்குக் கத்தி வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அதோடு பொழுதுபோக்குகிறவர்களுக்கும் நல்ல சாமான். ஆனால் எட்டு அங்குலச் சமையல் கத்தியை இடையில் கழற்றி இடம்மாற்றி இறுக்க வேண்டும். வளைந்த நுனியில் கோணம் மாறும். கற்கள் ஒடுக்கமாக இருப்பதால், ரொம்பக் காலம் கவனிக்காமல் விட்ட கத்தியைத் திருத்தக் கை சோர்ந்துவிடும். மன்னாவின் தடித்த முதுகுக்குக் கவ்வியின் வாய் போதாது. கவ்வாத்துக் கத்தியை அதில் மாட்டவே வேண்டாம். உங்களிடம் உள்ள ஐந்தில் அது ஒழுங்காகப் பார்ப்பது மடக்குக் கத்தியை மட்டும்தான். எட்ஜ் ப்ரோவில் கவ்வி இல்லை, கத்தி மேசை மாதிரியான தட்டில் கிடக்கும் என்பதால் சமையல் கத்திக்கு அது இதைவிட வசதி. ஆனால் இங்கே இருந்து வரவழைக்கும் செலவுக்கு நல்ல கல் பல வாங்கிவிடலாம்.

கல்லில் கோணம் பிடிக்க உண்மையிலேயே தயக்கமாக இருந்தால், கிளாம்புக்குப் பதில் ஸ்பைடெர்கோ ஷார்ப்மேக்கர் வகையைப் பாருங்கள். முக்கோணச் செரமிக் கம்பிகள் இரண்டு சாய்வாக நிற்கும். நீங்கள் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும், பக்கத்துக்கு 15 அல்லது 20 பாகை தானாக அமையும். தண்ணீரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். கூர் கொஞ்சம் குறைந்த கத்தியைத் தூக்கிவிட அதைப் போல வேகமானது இல்லை. முழுக்க மழுங்கியதைத் திருத்த மட்டும் அதனால் ஆகாது, செரமிக் மெதுவாகத்தான் வெட்டும்.

சூப்பர் மார்க்கட்டில் தொங்கும் வி வடிவ இழுப்பான் மலிவு, ஆனால் வாங்காதீர்கள். அதிலுள்ள கடின உலோகத் துண்டுகள் வாயைச் சீவி எடுக்கும். இரண்டு நாளைக்குக் கூர் மாதிரித் தெரியும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் வாய் பிய்த்தது மாதிரி இருக்கும். கொஞ்சக் காலத்தில் பிடியடியில் பள்ளம் விழுந்து, வாய் பலகையில் முழுக்கப் படாமல் போகும். லீக்ஸ் அரிந்தால் துண்டுகள் மாலை மாதிரி கோர்த்துக்கொண்டு வருவது அப்போதுதான்.

மெஷின் விஷயம். வேகமாகச் சுற்றும் சாணைச் சில்லில் கத்தியை வைத்தால் முதலில் சூடாவது வாய்தான், ஏனென்றால் மெல்லியது அதுதான். பிடியில் சூடு தெரிவதற்குள் அங்கே காரியம் முடிந்திருக்கும். காபன் உருக்கு 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடானால் நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம், அதாவது உருக்கின் கடினம், இறங்கிவிட்டது, அந்த இடத்தை முழுக்கத் தேய்த்து எறியும் வரை கூர் நிற்காது. சுவீடன் நாட்டு டோர்மெக் இதனால்தான் தண்ணீரில் மெதுவாக, நிமிடத்துக்கு 90 சுற்று அளவில், ஓடுகிறது. அருமையான மெஷின், ஆனால் அது கடை வைத்துத் தீட்டுகிறவருக்கு. வீதியில் சாணை பிடிக்க வருகிறவரிடம் அரிவாள்மனையையும் மன்னாவையும் தாராளமாகக் கொடுக்கலாம். நல்ல சமையல் கத்தியைக் கொடுக்காதீர்கள். இன்னொன்று, கனடாவில் இருந்து வரும் சொந்தக்காரர்கள் அன்பளிப்பாக மின்சாரத் தீட்டுக் கருவி கொண்டு வந்தால் அடியில் வோல்ட் பார்த்துவிட்டுச் செருகுங்கள். அங்கே 120, இங்கே 230.

சரி, கல் எது? ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கும் கறுப்பு அல்லது சாம்பல் நிற இருபக்கக் காபொரண்டம் கல், அதாவது சிலிக்கன் காபைட்டு, தொடங்குவதற்குப் போதும். மன்னாவுக்கு அதன் சொரசொரப்பான பக்கத்தோடு நிறுத்திவிடலாம், பளபளப்பு வேண்டியதில்லை. சமையல் கத்திக்கு அதன் மென்மையான பக்கமும் கொஞ்சம் கரடாகத்தான் இருக்கும். ஆனால் தக்காளிக்கும் மீனுக்கும் லேசான கரடு நல்லதுதான், தோலைப் பற்றி வெட்டும். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடிந்தால் ஜப்பானிய 1000 கிரிட் நீர்க்கல் ஒன்று வாங்குங்கள். கிங் 1000 நல்லது, குமிழி நிற்கும் வரை தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஷாப்டன் வகையை ஊறப்போடவே கூடாது, மேலே தண்ணீர் தெளித்தால் போதும். 6000, 8000 என்று ஆசைப்பட வேண்டாம். மென்மையான ஸ்டெயின்லெஸ்ஸில் அந்தப் பளபளப்பு இரண்டு சமையலுக்குக் கூட நிற்காது. உங்கள் கத்தி 60 எச்ஆர்சிக்கு (உருக்கின் கடினத்தைச் சொல்லும் அளவு) மேல் கடினமான ஜப்பானியக் கத்தி என்றால்தான் 3000க்கு மேல் போவதில் அர்த்தம் இருக்கிறது. அந்தக் கத்தியை உருக்குக் கம்பியில் இழுக்காதீர்கள், வாய் நொறுங்கும்.

எண்ணெய்க்குப் பழகியவர்கள் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயையே கல்லில் ஊற்றுவார்கள். கீழ்நாட்டில் எப்படியோ, நமக்கு அது சரிவராது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறையும். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். காலையில் கல்லைப் பார்த்தால் துளைகளில் மெழுகு அடைத்த மாதிரி இருக்கும், கத்தி வழுக்கிக்கொண்டு ஓடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுத் தீட்டினால் போதும். எண்ணெய்தான் வேண்டும் என்றால் தையல் மெஷின் எண்ணெய். ஏற்கெனவே எண்ணெய் குடித்த கல்லில் தண்ணீர் ஒட்டாது, அதை எண்ணெய்க் கல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் குளிரும் ஈரமும் கல்லையும் கத்தியையும் இன்னொரு விதத்திலும் சோதிக்கும். நீர்க்கல்லை ஈரத்தோடு பெட்டியில் மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். சீக்கிரம் காயட்டும் என்று அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் வெடிப்பு விழும். சுவரில் சாய்த்து நிழலில் இரண்டு நாள் விட வேண்டும். காபன் உருக்குக் கத்தியை ஆடி மாத மழையில் ஈரத்தோடு வைத்தால் விடிய எழும்பும்போது செந்நிறப் புள்ளிகள் விழுந்திருக்கும். துடைத்துவிட்டு, மருந்துக் கடையில் விற்கும் லிக்விட் பரபின் ஒரு சொட்டு பூசுங்கள். உணவில் பட்டாலும் பயமில்லை. பலாக்காய் வெட்டிய கத்தியைப் பாலோடு கல்லில் வைக்கவே வைக்காதீர்கள். பாலை எடுக்க மட்டும் தேங்காய் எண்ணெய் போல ஒன்றும் இல்லை.

கவ்வாத்துக் கத்திக்கு வருவோம். உங்கள் கேள்வியில் கடைக்காரர்கள் யாரும் பதில் சொல்லாத பகுதி இது. இதன் வாய் உள்பக்கமாக வளைந்தது. தட்டையான அகலக் கல்லில் வைத்தால் வளைவின் இரண்டு முனைகள்தான் தொடும், வெட்டுகிற நடுப்பகுதி அந்தரத்தில் நிற்கும். இங்கே கத்தியைக் கல்லுக்குக் கொண்டு போகக் கூடாது, கல்லைக் கத்திக்குக் கொண்டு வர வேண்டும். இரண்டு முனையும் ஒடுங்கி நடுவில் பருத்த நீளக் கல் ஒன்றைக் கையில் பிடித்து, கத்தியை முழங்காலில் அல்ல, ஒரு கட்டையில் அணைத்து வைத்து, வளைவோடு சுழற்றித் தீட்டுங்கள். மலையில் கவ்வாத்து வெட்டுகிறவர்களைக் கவனித்திருந்தால் தெரியும், முழுக்க மழுங்கும் வரை அவர்கள் காத்திருப்பதில்லை. நிரை முடிவில் நின்று நாலு தரம் கல்லை ஓட்டிவிட்டு அடுத்த நிரைக்குப் போவார்கள். "அழுத்தாத தம்பி, கல்லு தானா திங்கும்" என்று பெரியவர்கள் சொல்வது இந்த வேலைக்கு முழுக்கப் பொருந்தும். கவ்வாத்து வெட்டு ஒரே வீச்சில் சரிவாக, பட்டை கிழியாமல் விழ வேண்டும். மழுங்கிய கத்தி வாதை, அதாவது கிளையை, பிளந்துவிடும். பிளந்த காயத்தில் மழைத் தண்ணீர் தங்கினால் அந்த வாது உள்ளே அழுகும், செடி மூன்று நாலு வருஷத்துக்கு அதன் பலனைக் காட்டும்.

வாயில் பல் விழுந்திருந்தால், அதாவது அங்கங்கே உடைந்திருந்தால், முதலில் அரம். கொல்லன் பட்டறையில் லொறி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்திகளில் அரம் பெரும்பாலும் பிடிக்கும். அரத்தைத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள், இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். கண்ணாடியில் வழுக்குவது போல ஓடினால் உருக்கு அரத்தைவிடக் கடினம் என்று அர்த்தம், கல்லின் கரட்டுப் பக்கத்துக்கு மாறுங்கள். மன்னாவுக்கும் இதே முறைதான். அரிவாள்மனைக்கும் கல்லைத்தான் கொண்டு போக வேண்டும்.

வெளியே கொண்டு போவதற்கு. கண்டியில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீகோ ட்ரெயில் என்ற நடைபாதை 22 கட்டமாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அதில் இரண்டு மூன்று கட்டம் நடப்பவர் பையில் நீர்க்கல் வைக்க மாட்டார். வைரத் தகடு மெல்லியது, உடையாது, காய்ந்தபடியே வேலை செய்யும், குழியும் விழாது. எவ்வளவு கடினமான உருக்கையும் வெட்டும். எஸ்30வி மாதிரி வெனேடியம் கலந்த உருக்கில் செய்த மடக்குக் கத்தி என்றால் வைரம்தான் சரி, அந்த உருக்கிலுள்ள மணிகள் சாதாரணக் கல்லைவிடக் கடினமானவை. டிஎம்டி தகடுகளில் நிறத்தைப் பார்த்து வாங்கலாம். நீலம் 325, சிவப்பு 600, பச்சை 1200. ஒன்றே ஒன்று என்றால் சிவப்பு. ஃபால்க்னிவென் டிசி4 ஒரு பக்கம் வைரம், மறுபக்கம் செரமிக் உள்ள பத்து சென்டிமீட்டர் துண்டு, சட்டைப் பையில் போகும். கோணத்துக்குத் துணை வேண்டுமென்றால் வேர்க் ஷார்ப்பின் கைடட் ஃபீல்ட் ஷார்ப்பனரில் 20 பாகைச் சரிவு வழிகாட்டியும், இரண்டு வைரத் தகடும், செரமிக் கம்பியும், தோல் பட்டையும் ஒன்றாக இருக்கின்றன. நான் ஒருவருக்கு ஒரே ஒரு பொருள்தான் பரிந்துரைக்கலாம் என்றால், அதுவும் அவரிடம் சிறிய கத்திகள் மட்டும் இருந்தால், இதைத்தான் சொல்வேன். வைரத் தகட்டில் அழுத்தித் தேய்க்காதீர்கள், மணிகள் பெயர்ந்துவிடும். புதுத் தகடு முதலில் முரடாகத்தான் இருக்கும், போகப் போகப் பதமாகும்.

உண்மையில் பயணத்தில் தீட்ட வேண்டிய தேவை குறைவு. ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கே செடி கொடியில் கைவைக்கவே கூடாது. கயிறு, பாண், பழம், பொதி பிரிப்பது இவ்வளவுதான் கத்திக்கு வேலை. புறப்படும் முன் வீட்டுக் கல்லில் ஒழுங்காகத் தீட்டிவிட்டால் வழியில் தகட்டில் பத்துத் தரம் இழுத்தால் போதும். அதையும் மறந்துவிட்டுப் போனீர்களா? தேத்தண்ணிக் கடையில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பூச்சு இல்லாத சொரசொரப்பான வளையம் இருக்கும். அது நல்ல செரமிக் கல். கடைக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கல் நடுவில் குழிந்துவிட்டால் அதில் எந்தக் கோணமும் நிற்காது. தடித்த கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீர் சாண்ட்பேப்பரை ஒட்டவைத்து, கல்லின் முகத்தில் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, கோடெல்லாம் அழியும் வரை தேயுங்கள். கடைசி மெருகுக்கு உள்பக்கம் சொரசொரப்பான பழைய தோல் பெல்ட் போதும், வாய் பின்னால் இழுபடும் திசையில் மட்டும். பெல்ட் இல்லாவிட்டால் கல்லின் மேல் பத்திரிகைத் தாளை விரித்து அதில் இழுங்கள்.

பல்லுள்ள பாண் கத்தியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கட்டாயம் வீட்டில் ஒன்று இருக்கும். அதைக் கல்லில் வைக்காதீர்கள். சரிவு உள்ள பக்கத்தில் மட்டும், ஒவ்வொரு பல்லின் குழியிலும் மெல்லிய உருண்டைச் செரமிக் கம்பியை இரண்டு மூன்று தரம் ஓட்டி, மறுபக்கத்துப் பிசிரைத் தட்டையாக ஒருமுறை துடைத்தால் சரி. மலிவான கத்தி என்றால் அந்தப் பாடும் வேண்டாம், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்.